அட்சய திருதியையும் ஒரு துண்டு இஞ்சியும்

அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் பேர்லேண்டில் சித்திரை மாதக் காலைகள் விழிக்கும்போதே வியர்த்திருக்கும். அன்று புல்வெளிகளின்மேல் பால்போல ஒரு மூட்டம் நின்றது. தெருவே இன்னும் கனவில் இருப்பதுபோல் தோன்றியது. கோயம்புத்தூரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"அட்சய திருதியை. பொட்டுத் தங்கமாவது வாங்கிப்போடு கண்ணு."

எங்கள் வீட்டில் அந்த நாளுக்கென்று சொல்லும் கதைகள் பாஞ்சாலியின் வற்றாத பாத்திரமும் குசேலரின் அவலும்தான். இரண்டுமே சாப்பாட்டுக் கதைகள். அங்கிருந்து நகைக்கடைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"கடைக்குத்தாம்மா கெளம்பறேன். கரும்புச்சாறு வாங்க," என்றேன். அம்மா போனை வைத்துவிட்டாள்.

சாறு அடுத்த வீட்டு ஆன்ட்டிக்கு. சௌகார்பேட்டையில் பிறந்து வளர்ந்த ஜைனர். என்னைவிட நன்றாக மெட்ராஸ் தமிழ் பேசுவார். ஒரு நாள் உபவாசம், மறுநாள் சாப்பாடு என்று ஒரு வருஷத்துக்கும் மேலாக விரதம் இருந்தார். முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் தம் நீண்ட பட்டினியைக் கரும்புச்சாற்றால் முடித்த நாள் இந்தத் திருதியை. ஆன்ட்டியும் அன்றுதான் விரதம் முடிக்க வேண்டும், சாற்றை வீட்டு மனிதர் ஒருவர் ஊற்ற வேண்டும். பே ஏரியாவிலிருந்து வரவிருந்த மகளின் ஃப்ளைட் முந்தின நாள் கேன்சலாகிவிட்டது. "நீ ஊத்தறியாம்மா?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஹூஸ்டனில் ஒரு வியட்நாமியக் கடையில் கரும்பு பிழிவார்கள். அங்கே இஞ்சி இருக்காதே என்று வீட்டிலிருந்தே ஒரு துண்டைத் தோல் சீவி எடுத்துப்போனேன். அவ்வளவு சாமர்த்தியம்! கரும்போடு சேர்த்துப் பிழிந்து கொடுத்தார்கள். திரும்பும் வழியில் கார் முழுக்க அந்த வாசனை; ஃப்ரீவேயில் மிதந்து வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆன்ட்டி ஹாலில் கிழக்கு பார்த்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவு இளைத்திருந்தார், ஜன்னல் வெளிச்சம் அவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும் போலிருந்தது. இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். நான் பாத்திரத்தைச் சாய்த்தேன். ஒரு சொட்டு விழுவதற்குள் குவிந்த கைகள் மெல்லப் பிரிந்து மடிக்குப் போயின.

அப்புறம்தான் அந்த வாசனை எனக்கு உறைத்தது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு என்று மண்ணுக்குள் விளையும் எதையும் அவர் தொடமாட்டார். அவருக்காக அதையெல்லாம் தள்ளியே சமைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கரும்புச்சாற்றில் இருக்கும் இஞ்சி கரும்பின் ஒரு பகுதி என்றே என் புத்தி நம்பியிருந்தது.

"ஐயோ ஆன்ட்டி, வேற வாங்கிட்டு வந்துடறேன்," என்று அழுதேவிட்டேன். ஒரு வருஷத் தவம், நான் கெடுத்துவிட்டேன்.

"மெதுவா டிரைவ் பண்ணும்மா," என்றார்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெஷினை நன்றாகக் கழுவி, வெறும் கரும்பைப் பிழிந்தார். திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. யாராவது வேறு எதையாவது கொடுத்து முடித்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன், கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆன்ட்டி அதே இடத்தில் அப்படியே இருந்தார். கைகளைக் குவித்தார். நான் ஊற்ற ஊற்றக் குடித்தார். முழங்கை வழியே சாறு வழிந்து புடவை நனைந்தது.

"சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி," என்றேன், கோபமாகவே.

"கேக்கக் கூடாதும்மா. ரிஷபதேவர் வீடு வீடா போனாரு. ஒருத்தன் தங்கம் குடுத்தான், ஒருத்தன் குதிர குடுத்தான். வவுத்துக்குக் குடுக்கணும்னு எவனுக்கும் தோணல. அவரும் கேக்காம அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு." மூச்சு வாங்கிக்கொண்டார். "தப்பா குடுத்தவன் ஒருத்தனாவது வேற எடுத்துக்கினு பின்னாடியே ஓடியாந்தான்னு எங்க கதையில இல்ல. நீ ஓடியாந்த. ஊத்து, இன்னும் இருக்குதில்ல?"