தார் தொடாத பிரஷ்

என் மேஜை டிராயரில் ஒரு தார்ப் பிரஷ் கிடக்கிறது. முனிசிபாலிட்டி ஸ்டோரிலிருந்து எனக்குக் கொடுத்தது. அதன் நாரில் இன்றுவரை ஒரு பொட்டுத் தார் பட்டதில்லை. பென்ஷன் வாங்குகிற இந்த வயதிலும் அதை என்னால் தூக்கி எறிய முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கியிருந்த சமயம். வலியசாலைப் பக்கம் ரோட்டை அகலப்படுத்தத் தீர்மானித்தபோது, பழைய மண்டபம், கிணறு, சுமைதாங்கி எல்லாவற்றையும் இடித்துவிடாமல் சிலவற்றைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று கவுன்சிலில் முடிவாயிற்று. இடிக்கிற ஆட்களுக்கு எழுத்து தெரியாது. ஆகவே வைத்திருக்க வேண்டியதில் தாரால் ஒரு வட்டம். வட்டம் இல்லாததை இடிக்கலாம். குமாஸ்தாக்களான நாங்கள் அவரவர் தெருவில் இருப்பதற்கு அவரவரே அடையாளம் வைக்க வேண்டும் என்று ஓவர்சியர் சொல்லிவிட்டார். நாஞ்சில் நாட்டுக்காரர். அவர் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே எங்கள் பேனாக்கள் வேகமாக ஓடும். அப்பா போய், என் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. எனக்கு அவரிடம் இருந்த பயத்தைச் சொல்லி முடியாது.

எனக்கு வந்தது எங்கள் தெருமுனைக் கல்மண்டபம். உற்சவத்தில் ஸ்வாமி பல்லக்கை இறக்கி வைக்கிற இடம். அதில் கறுப்புத் தாரைப் பூச எனக்குக் கை வரவில்லை. வீட்டிலிருந்த செங்காவியைக் குழைத்துத் தூணில் வட்டம் போட்டேன். காவியும் அடையாளம்தானே என்று நினைத்துக்கொண்டேன். பிரஷை அப்படியே ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"வச்சீரா வேய்?" என்றார் ஓவர்சியர்.

"வெச்சாச்சு சார்."

ரிஜிஸ்தரில் நேரில் பார்வையிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு உற்சவம் வந்தது. வருஷாவருஷம் செய்கிறபடி தெருக்காரர்கள் மண்டபத்துக்குச் சுண்ணாம்பும் காவியுமாகப் பட்டை அடித்தார்கள். என் வட்டம் ஒரு காவிப் பட்டைக்குள் மறைந்ததை நானே நின்று பார்த்தேன். மறுபடி தார் பூசப் போனால் பல்லக்கு வருகிற மண்டபத்தில் இதென்ன என்று தெருவே கேட்கும். ஓவர்சியரிடம் சொன்னால் காவி வெளிப்பட்டுவிடும். சொல்லிவிடலாம் என்றுதான் தினமும் ஆபீஸ் படியேறினேன். அவர் முகத்தைக் கண்டதும் ஃபைலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நாளைக்கு, நாளைக்கு என்று உற்சவமும் முடிந்தது.

ஒருநாள் காலை குளித்துக்கொண்டிருக்கும்போது கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஈர வேட்டியோடு ஓடினேன். மேற்கல் விழுந்து, இரண்டு தூண்கள் மண்ணில் கிடந்தன. மேஸ்திரி என்னைக் கண்டு, "அடையாளம் ஒண்ணும் கண்டில்லே சாமி. இல்லாததை இடிக்கணும்னாக்கும் உத்தரவு" என்றான். அம்மா கூட்டத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

விசாரணையில் ஓவர்சியர் என்னைப் பார்த்து, "தார்தானே வேய்?" என்றார். "தார்தான் சார்" என்றேன். மேஸ்திரி அதைச் சுரண்டி அழித்துவிட்டு இடித்ததாக ரிப்போர்ட் போயிற்று. அவனுக்கு வேலை போயிற்று. இரண்டு நாள் கழித்து எங்கள் வாசலில் வந்து நின்றான். "சாமி ஒரு வார்த்தை பறஞ்சா போதும். எனக்கு நாலு பிள்ளையளாக்கும்." எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவன் போகும் வரை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

ஓவர்சியர் ரிடையர் ஆன அன்று என்னைக் கூப்பிட்டார். அலமாரியைத் திறந்து இந்தப் பிரஷை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"விசாரணை அண்ணைக்கே ஸ்டோர்ல பாத்தாச்சு வேய். ஒரு பொட்டு தார் இல்ல."

"பின்னே ஏன் சார் ஒண்ணும் சொல்லலை?"

"போய்ப் பாத்தேன்னு ஒப்பு போட்டது நானாக்கும். நான் அங்க காலெடுத்தே வைக்கல்ல."

பிரஷை என் பக்கம் தள்ளி, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஆபீஸையே நடுங்க வைத்த மனிதரும் என்னைப் போலவே பயந்துகொண்டிருந்திருக்கிறார். இது தெரிந்து எனக்கு ஆறுதலாக இல்லை, அருவருப்பாக இருந்தது. முதலில் என்மீது, பிறகு அவர்மீது.

இப்போது அந்த இடம் வெறும் ரோடு. உற்சவத்தில் பல்லக்கு மட்டும் பழக்கத்தில் அங்கே வந்து நிற்கிறது. இறக்கி வைக்க இடமில்லாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் பின்னால் ஒதுங்கி நிற்பேன். கூட்டத்தில் மேஸ்திரி சாயலில் யாராவது தெரிந்தால் வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்த வருஷமும் அப்படித்தான் வந்தேன். டிராயரைத் திறந்து பிரஷை எடுத்துப் பார்த்தேன். நார் இன்னும் சுத்தமாகவே இருக்கிறது. நாலு பிள்ளைகள் என்றான், அதில் ஒன்றின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.