கட்டச் சீட்டும் கனகாம்பரக் கையும்

என் மாமா சின்னக்கண்ணு திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவர். கல்யாண மாலை, சாமி மாலை, பெரிய சாவுக்கு ஆள் உயர மாலை என்று எதைக் கேட்டாலும் கட்டித் தருவார். அவர் கட்டிய மாலையைத் தூக்கி உதறினாலும் ஒரு பூ கீழே விழாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்படிப்பட்ட மனிதர் போன தை மாதம், பெண்கள் மட்டுமே இருந்த ஒரு கம்பளி பின்னும் வகுப்பில் போய் உட்கார்ந்தார். அதற்குக் காரணம் அத்தை.

அத்தை பெயர் வெள்ளையம்மாள். நாகல் நகரில் வாடிக்கை வீடுகளுக்குக் காலையில் பூக் கொண்டுபோய்க் கொடுப்பார். அதில் ஒரு வீடு ரோஸ்மேரி அக்கா வீடு. அந்த அக்கா கொடைக்கானலில் பிறந்து வளர்ந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். மலையில் கற்ற பின்னலை மாடியில் வகுப்பாக நடத்துகிறார். "இந்த வெயிலுக்கு எவளுக்கும்மா வேணும் கம்பளி?" என்று அத்தை முதலில் கேலிதான் பேசினார். ஆனால் மகள் அறிவுச்செல்வியை மேல்மலையில், பூம்பாறையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், பூக்கூடையை மாடிப்படி ஓரம் வைத்துவிட்டு அத்தையும் மேலே ஏறிவிட்டார்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். ஒரே ஆள் முழுப் போர்வையும் பின்னுவதென்றால் பாதியில் அலுத்துப் போய்ப் பரணில் போட்டுவிடுவார்கள். அதனால் அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. கட்டச் சீட்டு என்று பெயர். மாதம் ஒருமுறை குலுக்கிப் போட்டு ஒருவர் பெயரை எடுப்பார்கள். அந்த மாதம் எல்லாரும் ஆளுக்கொரு கட்டம் பின்ன வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் பெயர் வந்தவருக்கு ஒரு போர்வை. முதலில் எடுத்தவர் மற்ற எல்லாருக்கும் எடுத்து முடியும்வரை தன் கட்டத்தைப் போட்டுக்கொண்டே வர வேண்டும். பணச் சீட்டு மாதிரியேதான், பணம் மட்டும் கிடையாது.

கட்டத்தின் நடுவில் ஜடை ஓடும். புத்தகத்தில் அதற்குக் கேபிள் என்று போட்டிருக்கும். வகுப்பில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, ஜடைதான். ஊசியில் இருக்கிற கண்ணிகளில் நாலை ஒரு சின்ன ஊசியில் மாற்றி முன்னால் தொங்க விட்டு, அடுத்த நாலைப் பின்னி, அப்புறம் தொங்குகிற நாலைப் பின்னினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அளவுக்கு ரோஸ்மேரி அக்கா டேப் எடுப்பதில்லை. முடித்த கட்டத்தைத் தரை டைலின் மேல் போடுவார். டைல் முழுக்க மறைந்தால் சரி.

பேறுகாலம் நெருங்கியதால் முதல் சீட்டைக் குலுக்காமலே அத்தைக்கு விட்டுக் கொடுத்தார்கள். மஞ்சள் நிறத்தில் போர்வை. பேரன் பிறந்த வாரமே அது பூம்பாறைக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் மார்க்கெட்டில் மிதிபட்டுக் கிடந்த பூவில் வழுக்கி விழுந்து அத்தை வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு.

இரண்டாவது சீட்டு ஆரோக்கியம்மாள் டீச்சருக்கு விழுந்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயர் ஆனவர். ஊட்டியில் இருக்கும் தங்கைக்கு ஆபரேஷன் ஆகியிருந்ததால் அவருக்காக நீல நிறத்தில் கேட்டிருந்தார். அத்தையைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த ரோஸ்மேரி அக்கா, "உங்க கட்டத்த நானே சேத்துப் போட்டுக்கிறேங்க்கா, அதுக்கெல்லாம் வெசனப்படாதீங்க" என்றார்.

"அது முறையில்லம்மா. மொதச் சீட்டு எடுத்தவ நானு. ரெண்டாஞ் சீட்டுலயே கைய விரிச்சா என்ன பேசுவாக?"

"யாரும் பேச மாட்டாங்கக்கா."

"பேச மாட்டாக. நெனப்பாகள்ல?"

மாமா அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "என்னமோ மலையப் பெரட்டுற வேலை கணக்கா பேசுறீக. நூலு, முடிச்சு, அம்புட்டுத்தான? பொறந்ததுல இருந்து நான் பண்ற வேலை. நான் போடுறேன்."

மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சனிக்கிழமை நான்தான் என் வண்டியில் கூட்டிப் போனேன். மாடிக்கு ஏறியதும் ஆரோக்கியம்மாள் டீச்சர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"என்ன சின்னக்கண்ணு, பூவக் கீழயே வச்சுட்டு வந்துட்டீங்க?"

"பூக் குடுக்க வரல டீச்சர். படிக்க வந்திருக்கேன்."

"எந்த கிளாஸு?"

"பால்வாடிதான்."

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவுக்குச் சுவரோரம் ஒரு பாய் கிடைத்தது. பின்னல் குறிப்பு அச்சடித்த தாளை ரோஸ்மேரி அக்கா நீட்டியதும் அவர் அதை வாங்காமல் என்னைக் காட்டினார். "எம் மாப்ளகிட்டக் குடுங்கம்மா. எம்.எஸ்சி. காந்திகிராமத்துல படிச்சது. எங்க வகையறாவுலயே மொத டிகிரி." மாத்திரை அட்டையோ, கரண்ட் பில்லோ, எது வந்தாலும் வீட்டில் என் கைக்குத்தான் வரும். அதில் எனக்குச் சந்தோஷம்தான். நான் ஒவ்வொரு வரியாக வாசிக்க, ரோஸ்மேரி அக்கா மாமாவின் விரல்களில் ஊசியை வைத்துக் காட்டினார். விரல் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அக்காவுக்கே ஆச்சரியம்.

செத்த நேரத்தில் மாமா நிமிர்ந்து, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார்.

அக்கா சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். மாமா ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. உல்லன் உருண்டையை அதில் முக்கி எடுத்துப் பிழிந்தார்.

"ஐயையோ, என்னண்ணே பண்றீங்க!"

"நார நனைக்காம எப்பிடிம்மா கட்டுறது?"

மாமா கேட்டது வாழைநாரை மனதில் வைத்து. காய்ந்த நார் கட்டும்போது பட்டென்று அறுந்துவிடும், அதனால் மார்க்கெட்டில் எல்லாருமே நனைத்துத்தான் கட்டுவார்கள். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவருக்கு வேறு உருண்டை கொடுத்து, இனிமேல் தண்ணீர் கிடையாது என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னார். தண்ணீரை விட்டாலும் கையின் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு கண்ணிக்கும் நூலை ஒரு இழு இழுத்து இறுக்கினார், மாலையில் முடிச்சுப் போடுகிற மாதிரியே. அக்கா "லூசா, லூசா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா தலையை ஆட்டிக்கொண்டே இறுக்கினார்.

அடுத்த சனிக்கிழமை முடித்த கட்டத்தை டைலின் மேல் போட்டார்கள். நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு டைல் தெரிந்தது. ஜடை கிணற்றுக் கயிறு மாதிரி விறைத்து நின்றது. ஆரோக்கியம்மாள் டீச்சர் அதை எடுத்துத் தட்டிப் பார்த்தார். டொக்கென்று சத்தம் வரவில்லை, அது ஒன்றுதான் குறை.

"சின்னக்கண்ணு, இத எந்தங்கச்சி போத்திக்கவா, இல்ல வாசல்ல போட்டுக் கால் தொடைக்கவா?"

அன்றைக்கும் சிரிப்புத்தான். மாமாவும் சிரித்தார். திரும்பி வரும்போது வண்டியில் என் முதுகுக்குப் பின்னால் கட்டத்தைப் பைக்குள் திணித்தார். பேகம்பூர் தாண்டும்போது, "அத்தைகிட்ட ஒண்ணும் சொல்லாத மாப்ள" என்றார்.

சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அத்தை இடது கையால் கட்டத்தை வாங்கி மடக்கிப் பார்த்தார். அது மடங்க மறுத்தது.

"என்ன சொன்னாக?"

"நல்லாத்தான் இருக்குன்னாக" என்றார் மாமா.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவ்வளவு போதுமாக இருந்தது அவருக்கு. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அறிவு, அந்தப் போர்வைய மாப்பிள்ளைகிட்டக் குடுத்து விடு. பூண்டு லோடு இறக்க மார்க்கெட்டுக்கு வருவாருல்ல."

"எதுக்கும்மா?"

"அதுல நான் போட்ட கட்டம் ஒண்ணு இருக்கு. அதப் பிரிச்சு டீச்சருக்குக் குடுத்துருவோம்."

"புள்ள போத்திக்கிட்டுக் கெடக்குறதப் பிரிக்கச் சொல்றியா? கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?"

மாமா குறுக்கே வந்தார். "ஏய், டீச்சர் கேட்டது நீலம். உன்னோடது மஞ்ச."

"மஞ்சளா இருந்தா இருந்துட்டுப் போகுது. கட்டம் வந்துருச்சுன்னு இருக்கும்ல? வாங்குறப்ப மட்டும் மொத ஆளா வாங்கிக்கிட்டானு ஒரு சொல் வந்தா, நான் அந்தத் தெருவுல எப்படிப் பூக் கொண்டு போவேன்?" அத்தையின் கண் கலங்கிவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட கையால் துடைக்கப் போய் மூக்கில் இடித்துக்கொண்டார். "கண்டிப்பாக் குடுத்து விடு. புள்ளைக்கு வேற போர்வை வாங்கிக்கலாம்."

மாமா எழுந்து வெளியே போய்விட்டார். போகும்போது அந்தக் கட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார். நான் போய்ப் பார்த்தபோது தெருக்குழாயடியில் உட்கார்ந்து அதைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு இறுக்கமாகப் போட்டதைப் பிரிப்பதும் லேசில்லை. பல்லால் கடித்து இழுத்தார். நூல் சேமியா மாதிரி சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது.

எப்படியும் இது ஆகாது என்றுதான் நான் நினைத்தேன். கடையில் நீலக் கம்பளிக் கட்டம் ரெடிமேடாகக் கிடைக்குமா என்று போனில் தேடிக்கூடப் பார்த்தேன். ஆனால் திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மாமா மார்க்கெட்டிலிருந்து போன் போட்டார்.

"மாப்ள, கனகாம்பரம்டா!"

"என்ன மாமா, கனகாம்பரத்துக்கு என்ன?"

"இப்பத்தான் ஒரு பொம்பளைக்கு ரெண்டு முழம் கட்டிக் குடுத்தேன். கனகாம்பரத்துக்கு நார இழுக்க மாட்டேன்டா. காம்பு நூலாட்டம் இருக்கும். இழுத்தா கழுத்து அறுந்து போகும். சும்மா சுத்தி, சும்மா விடணும். எங்கிட்ட அந்தக் கையும் இருக்கு மாப்ள. இம்புட்டு நாளா இறுக்கிக் கட்டுற சம்பங்கிக் கைய வச்சுல்ல பின்னிக்கிட்டிருந்தேன்!"

அன்றிலிருந்து கடையிலேயே பின்னினார். மாலைக்கு ஆள் வந்தால் ஊசியைக் கீழே வைப்பார், போனதும் எடுப்பார். ஈரக் கையைத் துடைக்கத் தனியாக ஒரு துண்டு. மத்தியானம் நான் அந்தப் பக்கம் போனபோது பக்கத்துக் கடை ராயப்பராஜ் அண்ணன் வம்பிழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சின்னக்கண்ணு, கோயில்ல ஆத்தாவுக்குக் குளுருதாக்கும்? மாலைக்குப் பதிலா ஸ்வெட்டரா?"

"உனக்குத்தான்ப்பா. உன் வாயி அளவுக்கு ஒரு மூடி."

சொல்லிக்கொண்டே கண்ணிகளை எண்ணினார். எண்ணிக்கை தவறிப் போய், ராயப்பராஜ் அண்ணனைத் திட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

கட்டங்களைச் சேர்க்கிற நாளை டீச்சர் புதன்கிழமைக்கு வைத்திருந்தார். மறுநாள் காலை அவருக்கு ஊட்டி பஸ். அதே வியாழக்கிழமை விடியற்காலையில்தான் பூண்டு லோடோடு பூம்பாறை மாப்பிள்ளை வருவதும். டீச்சர் பஸ் ஏறுவதற்குள் மஞ்சள் கட்டத்தை அவர் கையில் சேர்த்துவிடலாம் என்பது அத்தையின் கணக்கு. அத்தை செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை மகளுக்குப் போன் போட்டு ஞாபகப்படுத்தினார். மாமா அதைக் காதில் வாங்காத மாதிரி பின்னிக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை மாடியில் நடுக்கூடத்தைக் காலியாக்கி ஒவ்வொரு டைலிலும் ஒரு கட்டமாகப் பரப்பியிருந்தார்கள். ஒரு டைல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. மாமா மஞ்சள் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து அதன்மேல் போட்டார். ஒரு மூலை கொஞ்சம் சுருண்டது. ரோஸ்மேரி அக்கா மண்டியிட்டு நீவி விட்டார். டைல் மறைந்துவிட்டது. கட்டம் பஞ்சு மாதிரி கிடந்தது.

மாமா மூச்சு விட்டார். விட்டு முடிப்பதற்குள் டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"இங்க ஒரு முறுக்கு எதிர்ப்பக்கம் போயிருக்கே."

எல்லாரும் குனிந்தோம். உண்மைதான். மேலே ஏறி வருகிற ஜடையில் ஓரிடத்தில் மட்டும் வலது இடதாகத் திரும்பியிருந்தது. சின்ன ஊசியை முன்னால் விடுவதற்குப் பதில் பின்னால் விட்டிருக்கிறார். ராயப்பராஜ் அண்ணன் வாய் திறந்த நேரமாக இருக்கும்.

மாமாவின் முகம் வாடிப் போய்விட்டது. "பிரிச்சுப் போட்டுர்றேன் டீச்சர். உக்காந்தா விடியுறதுக்குள்ள..."

"விடிஞ்சா எனக்கு பஸ்ஸு."

மாமா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். தாளில் அதற்கு வழி எதுவும் போட்டிருக்கவில்லை.

டீச்சர் மெதுவாக எழுந்து, பரப்பியிருந்த வரிசையின் கடைசிக்குப் போய், கால் கட்டைவிரலால் ஒரு கட்டத்தைக் காட்டினார். "இது நான் போட்டது. இதுல ரெண்டு முறுக்கு திரும்பியிருக்கு. ஒருத்தரும் பாக்கலன்னு கால்மாட்டுப் பக்கமாத் தள்ளி வச்சிருக்கேன். உங்களோடதயும் இங்ஙன கொண்டாந்து போடுங்க. ரெண்டும் சேந்து கெடக்கட்டும்."

"டீச்சர்!" என்று ரோஸ்மேரி அக்கா கத்தினார். "ரெண்டா? எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"சொன்னா நீ விட்டுருவியா? பிரிக்கச் சொல்லுவ. முப்பத்திநாலு வருசம் நான் பிள்ளைகள அடிச்சுத் திருத்துனதெல்லாம் போதும்மா, நூல எடு, தைப்போம்."

மாமாவும் உட்கார்ந்து தைத்தார். அந்த வேலையில் அவர் கையை யாரும் குறை சொல்ல முடியவில்லை. போர்வை ஒன்றாகி எழுந்தபோது டீச்சர் அதைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, "அய்யோ, வேகுது" என்று உடனே கழற்றினார்.

படியிறங்கும்போதே மாமா அத்தைக்குப் போன் போட்டார்.

"டைல் தெரிஞ்சுச்சா?" இதுதான் அத்தையின் முதல் கேள்வி.

"தெரியல."

"டீச்சர் என்ன சொன்னாக?"

"தச்சே முடிச்சாச்சு. போத்தியும் பாத்துட்டாக. வேணும்னா மாப்ளகிட்டக் கேளு."

நான் போனை வாங்கி, "ஆமா அத்தை, நல்லா இருந்துச்சு" என்றேன். இந்தத் தடவை நேரில் இருந்திருந்தாலும் தலையை நிமிர்த்தியேதான் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்குப் போனபோது அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மகளோடு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கரில்தான்.

"மாப்பிள்ளை கெளம்பிட்டாராடி? போர்வையக் குடுத்து விட வேணாம். வேணாம்னு சொல்லிரு."

"நான் எங்கம்மா குடுத்து விட்டேன்? அது புள்ள மேலதான் கெடக்கு."

"நான் அம்புட்டுச் சொல்லியும் எடுத்து வைக்கலயா நீ?"

"எடுத்துத்தான் பாத்தேன். பன்னெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு. எது நீ போட்டது, எது அடுத்தவங்க போட்டதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எதப் பிரிக்க?"

"மேல இருந்து ரெண்டாவது வரிசையில..." என்று ஆரம்பித்த அத்தை நிறுத்திக்கொண்டார். மாமாவைப் பார்த்தார். மாமா வாசல்படியில் உட்கார்ந்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாகச் சொடக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"அது தெரிய வேணாம் உனக்கு" என்றார் அத்தை போனில். "காது மறைய நல்லாப் போத்தி விடு."