கேரியரில் நின்ற தண்ணீர்

அவரை அந்தப் பகுதியில் எல்லோரும் லீக்குக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மொட்டை மாடி ஒழுகுகிறதா, தண்ணீர்த் தொட்டி கசிகிறதா, குளியலறைச் சுவர் ஊறுகிறதா, கூப்பிடு லீக்குக்காரரை. ஏணியோடு வந்து நிற்பார். வீட்டுக்காரர் மேலே ஈரம் படர்ந்த இடத்தைக் காட்டி, "இங்கதாங்க ஓட்டை" என்று சொன்னால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"தண்ணி சொட்டற இடத்துல ஓட்டை இருக்காதுங்க. அது எங்கயோ நுழைஞ்சு, எங்கயோ நடந்து, எங்கயோ வந்து விழும். நாமதான் பின்னாடியே போய்ப் பிடிக்கணும்" என்பார்.

பிடித்தும் விடுவார். பிடித்து, அடைத்து, பூசிய இடத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். அந்த ரேகைதான் அவர் கையெழுத்து. அவர் விரல் வைத்த இடம் மறுபடி ஒழுகியதாக யாரும் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதருடைய சொந்த வண்டி ஒழுகியது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்ததாம் என்பார்களே, அந்தக் கதைதான். ஏணிகளை ஏற்றுவதற்காகத் தன் பிக்கப் வண்டியின் தலையில் இரும்புக் குழாய்களாலான கேரியர் ஒன்றை ஒரு வெல்டரிடம் சொல்லிச் செய்து மாட்டினார். மாட்டிய பிறகு வந்த முதல் மழையிலேயே கேபினுக்குள் தண்ணீர் சொட்டத் தொடங்கிவிட்டது. அதுவும் அவர் தலையில் சொட்டவில்லை. பக்கத்து இருக்கையில், அவர் மனைவியின் பிடரியில் சொட்டியது.

அந்த இருக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவராக இருந்தார். இருவரும் ஒரு கட்டடத்தின் உச்சியில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். மழை வந்தால் கட்டிலில்தான் ஒழுகும். கட்டிலை இழுத்து இந்த மூலையில் போட்டால் மழையும் கூடவே வந்ததுபோல் இருக்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் அவர் வாளியோடு மாடிக்கு ஏறினார். அவள் துடைப்பக் கட்டையோடு கீழே நின்றாள். அவர் ஓரோர் இடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கீழே சொட்டினால் அவள் கட்டையால் ஒரு தட்டுத் தட்டுவாள். இரண்டு தட்டினால், போதும், நிறுத்து என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் ஓட்டை அகப்பட்டது. அதைப் பார்த்த வீட்டுச் சொந்தக்காரர் தன் மைத்துனர் வீட்டுக்குக் கூப்பிட்டார், மைத்துனர் இன்னொருவருக்குச் சொன்னார், இப்படித்தான் அவர் லீக்குக்காரர் ஆனார். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பட்டத்தில் பாதி அவளுடையது. ஆனால் துடைப்பக் கட்டைக்கு யார் பட்டம் கொடுக்கிறார்கள்?

பிறகு அவர் தனியாகவே ஓட்டை பிடிக்கப் பழகிக்கொண்டார். அவளும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் படித்து, வேலை கிடைத்து, வெளியூரில் இருந்தாள். வீட்டில் அவர் பேசுகிற ஆள் இல்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பார், சாப்பிட்டபின் போனைப் பார்ப்பார். காலையில் அவளைக் கடையில் இறக்கிவிடப் போகும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் இருவரும் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் அவள்தான் பேசுவாள். எந்த ஃபிரேமைப் போட்டாலும் முகம் பிடிக்காமல் கண்ணாடியைக் கோபித்துக்கொள்கிற வாடிக்கையாளர்கள், மகள் போனில் சொன்னது, சொல்லாமல் விட்டது. அவர் "ம்" கொட்டுவார். அந்த "ம்"மில் ஒரு நாளைக்கு வேண்டிய தெம்பு அவருக்குக் கிடைத்துவிடும். இதை அவர் அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி கேரியருக்கு வருவோம். ஒழுகியது தெரிந்தவுடன் அவர் பதறவில்லை. கேரியரின் கால்கள் கேபின் கூரையில் போல்ட் போட்டு முடுக்கியிருந்த இடங்களைச் சுற்றிச் சீலன்ட் பூசினார். அடுத்த மழையில் மறுபடி சொட்டியது. சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் வாஷர் போட்டு மறுபடி பூசினார். அதற்கும் சொட்டியது. தார் நாடா ஒட்டினார். பூச்சின்மேல் பூச்சாகக் கால்கள் யானைக்கால் மாதிரி வீங்கினதுதான் மிச்சம். அடைக்க அடைக்க ஒழுகல் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு மழைநாளில் அவள் கேபினுக்குள்ளேயே குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். சிக்னலில் நின்ற பேருந்தில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "திருப்பத்துல வளையும்போது மேல தண்ணி ஆடற சத்தம் கேக்குதுங்க. மழை நின்னு ரெண்டு நாளாச்சு, பிரேக் போட்டா இன்னும் சொட்டுது. அந்தக் குழாய்க்குள்ளதான் என்னமோ நிக்குது" என்றாள்.

அதை அவள் சொன்ன இடம் சரியில்லை. போகிற வழியில் ஒரு கட்டடத்தில் மேஸ்திரியிடம் பேச வண்டியை நிறுத்தியிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர் நின்றார்கள். "என்னண்ணே, உங்க வண்டியே ஒழுகுதாமே?" என்று மேஸ்திரி அப்போதுதான் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். லீக்குக்காரருக்கு ஏற்கெனவே முகம் சிவந்திருந்தது.

"இவ வேலை பாக்கறது கண்ணாடிக் கடையில. அடுத்த மாசம் காதுக்கும் ஒரு மெஷின் வாங்கி மாட்டணும். இல்லாத சத்தமெல்லாம் கேக்குது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. அவள் கைப்பையை மடியில் சரிசெய்து வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு காத்திருக்க, அவள் வாசல் கேட்டைத் திறந்து, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

"ஏன், வண்டிக்கு என்ன?"

"ஒழுகுது" என்றாள். அவ்வளவுதான்.

அவரும் ஒழுகல்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்வது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. வண்டியைச் சரிசெய்தால் ஆள் வந்துவிடுவாள். பக்கத்து இருக்கையில் சீலன்ட் குழல்களும் நாடாச் சுருளும் உட்கார்ந்து வந்தன. அவை எதுவும் பேசவில்லை. சிக்னலில் நிற்கும்போது அவர் தன்னையறியாமல் "ம்" என்றார். பிறகு வெட்கப்பட்டு ரேடியோவைப் போட்டார். போன வாரம் எந்த வாடிக்கையாளர் எந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார் என்று தெரியாமல் வாழ்வது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

வேலை முடிந்து வந்ததும் ஓஸ் பைப்பைப் பிடித்துக் கூரைமேல் தண்ணீர் அடிப்பார். ஓடி வந்து கேபினுக்குள் தலையை நீட்டுவார். ஒன்றும் இருக்காது. திரும்ப ஓடிப்போய் அடிப்பார். அவர் வெளியே போன பிறகு உள்ளே சொட்டும். எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் நின்று, "என்ன சார், வண்டியோட கண்ணாமூச்சி ஆடறீங்களா?" என்று கேட்டார். பதில் சொன்னால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது போல் ஆகும் என்று மறுபடி ஓஸைப் பிடித்தார்.

கடைசியில் ஒரு நாள் கூரை முழுவதும் பூசி முடித்து, கட்டைவிரலும் வைத்துவிட்டு, "அடைச்சாச்சு. நாளைக்கு வண்டியிலயே வா" என்றார். குரலில் கெஞ்சல் இருந்ததோ என்னவோ, அவள் வந்தாள். நல்ல வெயில் நாள். இருக்கையைத் துடைத்துத் துண்டு விரித்திருந்தார். அவள் மகளைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். "புது வீடு பாத்திருக்காளாம், அதுல..." என்றாள். முன்னால் போன ஆட்டோ சட்டென்று நிற்க, இவர் பிரேக்கை மிதித்தார். மேலே எங்கோ ஒரு தளும்பல். நேற்றைய ஓஸ் தண்ணீர் ஒரு குளிர்ந்த சொட்டாக அவள் பிடரியில் விழுந்தது.

அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள். அந்தப் புது வீட்டில் என்ன என்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று. அன்று முழுக்க அதுவேதான் அவர் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. தளும்பலை அவரும் கேட்டிருந்தார். கேட்கவில்லை என்று அதற்குமேல் சாதிக்க முடியாது. ஆனாலும் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இத்தனை நாள் நின்றவருக்கு நாலாவது காலை ஒப்புக்கொள்வது லேசா?

விடுமுறை நாள் வந்தது. அவர் வாசலில் ஓஸோடு நின்றார். அவள் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் தண்ணீர் அடித்தார், குழாயை மூடினார், மறுபடி திறந்தார். பிறகு ஈரக் காலோடு வந்து கதவருகே நின்றார்.

"கொஞ்சம் வண்டிக்குள்ள வந்து உக்காரேன். ஆள் இல்லாம பிடிக்க முடியல."

"எனக்குத்தான் காது சரியில்லையே" என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் அங்கேயே நின்றார். காலடியில் தண்ணீர் குட்டையாகத் தேங்கியது. "அன்னைக்கு நாலு பேர் முன்னாடி அப்படிச் சொன்னது தப்பு. உனக்குக் கேட்டது சரி. எனக்கும் கேட்டுது" என்றார். இவ்வளவையும் சொல்ல அவருக்கு ஒரு மாடியை ஏறி இறங்கிய மூச்சு வாங்கியது.

அவள் மடித்த துணியை அடுக்கி வைத்தாள். சமையலறைக்குப் போய் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணு தட்டினா வருதுன்னு அர்த்தம். ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

அவர் கேரியரின் கால்களில் தண்ணீர் விட்டார். உள்ளே சத்தமில்லை. கூரை விளிம்பில் விட்டார். சத்தமில்லை. அவள் கண்ணாடியை இறக்கி, "கீழயே ஊத்திட்டு இருக்கீங்களே. குழாய் முனையில ஊத்துங்க" என்றாள்.

அங்கே ஊற்றி என்ன பிரயோஜனம் என்று கேட்க வாயெடுத்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார். குழாயின் முனையை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடி எப்போதோ விழுந்து போயிருந்தது. உள்ளே தண்ணீர் விட்டார். களக் களக்கென்று குடித்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து டொக் என்று ஒரு தட்டு.

"இப்ப ஆட்டுங்க!" என்றாள்.

கேரியரைப் பிடித்து ஆட்டினார். தளக், தளக். பாதி நிரம்பிய குடம் மாதிரி சத்தம் வந்தது. முனையில் நுழைந்த மழையெல்லாம் குழாய்க்குள்ளேயே நின்று, வெளியே போக வழியில்லாமல், காலுக்குள் போட்டிருந்த போல்ட்டைப் பிடித்துக்கொண்டு கேபினுக்குள் இறங்கியிருக்கிறது. வெளியே எவ்வளவு பூசினாலும் உள்ளே ஓடும் தண்ணீருக்கு அதனால் என்ன? ஆனால் வடிய ஒரு வழி வைக்காமலா வெல்டர் செய்திருப்பார்? அவர் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் மொழுமொழுவென்று தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தார். சின்ன ஓட்டை ஒன்று, சுத்தமாக அடைக்கப்பட்டு, அதன்மேல் கட்டைவிரல் ரேகை.

அவருடைய ரேகை. கேரியரைப் பொருத்திய அன்று வெல்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கண்ணில் பட்ட ஓட்டையையெல்லாம் பெருமையாக அடைத்துவிட்டு வந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. தண்ணீர் வெளியேறுவதற்கென்று விட்ட ஓட்டையை அடைக்க, தொழில் தெரியாதவனுக்குக் கை வராது. அதற்கு லீக்குக்காரர்தான் வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரால் குத்தி நெம்பினார். துருப்பிடித்த தண்ணீர் சட்டைக் கைக்குள் புகுந்து, அக்குள் வழியாக இடுப்பு வரை இறங்கியது. ஏணியில் நின்றபடியே நனைந்தார். அவள் கதவைத் திறந்து பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று முயன்றாள், முடியவில்லை. கரண்டியை மடியில் போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் அவள் முகம் மாறியது.

"ஓட்டைன்னு ஒண்ணு கண்ணுல பட்டா அடைச்சிட்டுத்தான் மறுவேலை உங்களுக்கு. நான் வாயத் திறந்தாலும் அப்படித்தான் தோணும்போல."

தண்ணீர் சொட்டச் சொட்ட ஏணியில் நின்றுகொண்டிருந்தார். அந்த ஓட்டையை அன்று அவர் திரும்ப அடைக்கவில்லை. முனைக்கு மட்டும் புது மூடி போட்டார்.

அடுத்த வாரம் பெரிய மழை. காலையில் அவள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கேட் வரை போனாள். வண்டியைப் பார்த்தாள். அவர் கூப்பிடவில்லை, கூப்பிட உரிமை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவள் திரும்பி வந்து பக்கத்துக் கதவைத் திறந்தாள். உள்ளங்கையால் இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறினாள்.

வண்டி தெருமுனையைத் தாண்டியது. கேரியரிலிருந்து தண்ணீர் வெளியே கண்ணாடிமேல் வழிந்து போயிற்று. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அவர் மேலே பார்க்காமல் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.

"பின்னாடி என்னமோ கடகடன்னு கேக்குது" என்றாள் அவள்.

ஒன்றும் இல்லை, காலி டப்பாவாக இருக்கும் என்பது அவர் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினார். வண்டியை ஓரங்கட்டினார். கொட்டுகிற மழையில் இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். காலி டப்பாதான். உருண்டுகொண்டிருந்தது. அதை எடுத்து மூலையில் செருகினார். அதோடு வந்திருக்கலாம். ஆனால் சக்கரத்தைப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார், மறுபக்கம் போய் அங்கேயும் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்துவிட்டார்.

கேபின் கூரையில் உள்ளேயிருந்து கேட்டது: டொக், டொக்.

அவர் ஓடி வந்து ஏறிக் கதவைச் சாத்தினார். "காலி டப்பா. ஆனா சத்தம் இருந்தது நெசம்" என்றார்.

"கேட்டுதுன்னு சொன்னா நம்பினா போதும். இப்படி நனையணும்னு நான் சொல்லல" என்று தன் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். அன்று அந்தக் கேபினுக்குள் சொட்டியது அவர் ஒருவர்தான். கொஞ்ச தூரம் போனதும், "மக புது வீடு பாத்தான்னியே, அதுல என்ன?" என்று கேட்டார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.