கடல் இல்லாத தலைநகரம்

கண்ணில் விழுந்த கரித்தூளை அம்மா முந்தானை நுனியைத் திரித்து எடுத்துவிடுகிறாள். எடுத்த மறுநிமிஷமே நான் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறேன். நங்கென்று ஒரு குட்டு...

சித்தூர் ஜில்லாவில் எங்கள் புத்தூரிலிருந்து கர்னூலுக்கு மூன்றாம் வகுப்பில் போன பயணத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் குட்டுதான். ஒன்பது வயது அப்போது.

ஆந்திரா தனி மாநிலமாகி, மதராஸ் போய் கர்னூல் தலைநகரமாகியிருந்த நேரம். எங்களுக்கு வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. அப்பாவை நைனா என்போம்; அவருக்கு ஏரும் நிலமும். அம்மா எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு டீச்சர். ஊரிலேயே டிரெயினிங் முடித்த முதல் பெண் அவள்தான்.

அவளுக்குத் திடீரென்று மதனப்பள்ளி பக்கம் டிரான்ஸ்பர். சித்தூர் ஆபீசில் போய் நின்றால், எங்கள் கையில் ஒன்றுமில்லை, கர்னூலில் கேளுங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள்.

நைனா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "ஆர்டர் மாறலன்னா வேலைய உட்டுடு. நீ ஒரு ஊர்ல, நாங்க ஒரு ஊர்ல குந்திக்கினு இருக்க முடியாது."

அம்மா வழிக்குக் கட்டப் புளிச்சோற்றுக்குப் புளியை ஊறப் போட்டாள்.

அம்மாவின் வேலை ஊசலாடுகிறது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் தலைநகரம் பார்க்கப் போகிற குறுகுறுப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. பொய் சொல்வானேன்!

மதராசை மூன்று முறை பார்த்தவர் நைனா. தலைநகரம் என்றால் கோட்டை இருக்கும், டிராம் ஓடும், உயிர்காலேஜில் புலி இருக்கும், கடைசியில் கடல் இருக்கும் என்று அடித்துச் சொன்னார். கிளிஞ்சல் பொறுக்கிவர நான் ஒரு கண்ணாடி பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். சர்க்காரைப் பார்க்கப் போகிறோமே என்று அம்மா கல்யாணப் பட்டுப்புடவையை மடித்து வைத்தாள்.

ரேணிகுண்டாவில் ஒரு ரயில். குண்டக்கல்லில் இறங்கிச் சின்ன ரயில். துரோணாசலத்தில் இன்னொன்று. துரோணர் இந்த ஊர்தானா, அர்ஜுனன் எங்கே அம்பு விட்டான் என்று நான் கேட்டுக்கொண்டே வர, வெற்றிலை விற்றவர்கூடச் சிரித்தார். சோறு மறுநாள் காலையோடு தீர்ந்தது. அதன் பிறகு வேர்க்கடலைதான்.

கர்னூல் ஸ்டேஷனில் இறங்கியதும் நைனா ஒருவரிடம் தெலுங்கில் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். துங்கபத்திரை ஆறு இருக்கிறது, வேண்டுமானால் அதில் குளியுங்கள் என்றார்.

டிராம் இல்லை. புலி இல்லை. சர்க்கார் இருந்தது... கூடாரத்தில்!

வெட்டவெளியில் வரிசை வரிசையாகத் துணிக் கூடாரங்கள். உள்ளே மேஜை, நாற்காலி, குமாஸ்தா. காகிதம் பறக்காமல் இருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கல். எந்தக் கூடாரத்துக்கு எந்தக் கல் என்று பார்த்துக்கொண்டே நடந்து, கயிறு தடுக்கி நான் இரண்டு முறை விழுந்தேன். அம்மா பட்டுப்புடவையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள்.

நாலு கூடாரம் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு வயதான குமாஸ்தா எங்கள் மனுவை வாங்கினார். புத்தூரில் இருபது வருஷமாக மனு எழுதுகிறவர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது. குமாஸ்தா முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

விலாசம், செயின்ட் ஜார்ஜ் கோட்டை, மதராஸ்.

எழுதியவர் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டார். அம்மா மூன்று முறை படித்திருந்தாள், அவளுக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கெல்லாம் சர்க்கார் என்றால் மதராஸ்தானே... இவ்வளவு தூரம் வந்து மனு திரும்பப் போகிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது. நைனா அம்மாவைப் பார்த்த பார்வையில் வேலை அங்கேயே போய்விட்டது.

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நல்ல தமிழில் பேசினார்.

"முப்பது வருஷம் அந்தக் கோட்டைலதாம்மா வேலை பாத்தேன். வீட்டுக்காரி, புள்ளைங்க எல்லாம் இன்னும் திருவல்லிக்கேணியில. என் கையும் தினம் மதராஸ்னுதான் எழுதுது. நானே அடிச்சிட்டு மாத்துறேன்."

சிவப்பு மையில் மதராசை அடித்தார். மேலே கர்னூல் என்று எழுதினார். அம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு காகிதக் கட்டோடு சேர்த்து, கல்லை எடுத்து வைத்தார். அம்மா கும்பிட்டாள். அவரும் எழுந்து நின்று கும்பிட்டார். சர்க்கார் ஆள் அம்மாவுக்காக எழுந்து நின்றதை நைனா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கிளிஞ்சல் பாட்டிலில் துங்கபத்திரைக் கூழாங்கல் நிரப்பிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மறு உத்தரவு வரும்வரை இப்போதைய பள்ளியிலேயே பணிபுரியலாம்.

அப்புறம் தலைநகரம் ஹைதராபாத் போனது. ஃபைல்களும் போயிருக்கும். எல்லை பிரித்தார்கள், திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரா பக்கமே நின்றோம். அந்த மறு உத்தரவு மட்டும் வரவேயில்லை. அம்மா அதே பள்ளியில் கிட்டத்தட்ட முப்பது வருஷம் பாடம் நடத்தினாள்.

என் மருமகளும் திருப்பதியில் டீச்சர்தான். டிரான்ஸ்பருக்கு வீட்டில் உட்கார்ந்தே போனில் ஊரைத் தேர்ந்தெடுக்கிறாள், ஆர்டரும் போனிலேயே வருகிறது. நல்லதுதான், அலைச்சல் இல்லை. ஆனால் போன் எழுந்து நின்று கும்பிடுமா, சொல்லுங்கள்... கர்னூலில் அந்தக் கூடாரங்கள் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறதோ. பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆசை.

அம்மா ரிடையர் ஆன அன்று மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இத்தினி வருஷமா கிளாஸ் எடுக்கறப்போ தபால்காரன் மணி கேட்டா, அந்த மறு உத்தரவு வந்துடிச்சின்னு நெனைப்பேன்டி. அவன் தாண்டிப் போற வரிக்கும் பசங்களுக்கு சத்தமா வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துக்கினு இருப்பேன்."