புதுக்கோட்டையில் ஒரு வாரம், வாடகைச் சைக்கிளில்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், சென்ற வாரம் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அடியேனுடைய இடது செருப்பின் வார் அறுந்தது. ஊரார் யாரும் துக்கம் விசாரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு இந்த ஊருக்குப் பயிற்சிக்கு வரப்போகும் விடுதித் தம்பிகளே, உங்களுக்காகத்தான் நம் கையெழுத்துப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன். மின்சார ஆபீசில் இரண்டு மாதப் பயிற்சி. ஒரு வாரம் முன்னதாகவே நான் கிளம்பக் காரணம் உத்தரவுக் கடிதத்தின் கடைசி வரி: ‘சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள்.’ விண்ணப்பத்தில் ‘நன்றாகத் தெரியும்’ என்று எழுதியிருந்தேன். எனக்கு எழுதத்தான் தெரியும்.

திருச்சியிலிருந்து முப்பத்து மூன்று மைல். பஸ்ஸுக்கு ஒரு ரூபாய் முப்பது நயா பைசா. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. இறங்கியதும் கோட்டையைத் தேடினேன், காணோம். புதுசாக இருந்தது நான் ஒருவன்தான். லாட்ஜ் அறை நாளுக்கு ஒன்றே கால் ரூபாய், மூட்டைப்பூச்சி இலவசம்.

சைக்கிள் கடைக்கு லாட்ஜ் குமாஸ்தாவைக் கையோடு அழைத்துப் போங்கள். தெரிந்த ஆள் இல்லாமல் வண்டி தரமாட்டார்கள். நயா பைசா வந்து நாலு வருஷமாகியும் கடைக்காரர் காசிம் பாய்க்கு அணாதான் கணக்கு.

“மணிக்கு ரெண்டணா தம்பி. ஓட்டுவீங்கள்ல?”

“நல்லா ஓட்டுவேன் பாய்.”

“அப்பறம் ஏன் சந்தையில மாடு புடிச்ச மாதிரி நிக்கிறீங்க?”

இரண்டு நாள் மண்ணைக் கவ்வினேன். ருசி சுமார். புதன் மாலை வண்டி என்னை ஏற்றுக்கொண்டது. மூன்றே நாளில்! நான் பிறவிச் சைக்கிள்காரன் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

ஊரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. ராஜ வீதி, அதற்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நாலாம் வீதி என்று நாற்புறமும் நேர்நேராக ஓடுகின்றன. தொலைந்து போக முடியாது. பாய் வண்டியின் முன்சக்கரத்தில் மைல் காட்டும் பெட்டி இருப்பதால் தூரங்களைத் துல்லியமாகத் தருகிறேன். லாட்ஜிலிருந்து காய்கறிக் கடைத்தெரு ஒன்றரை மைல், இருபத்திரண்டு நிமிடம். தபாலாபீஸ் ஒன்றே கால் மைல். திருக்கோகர்ணம் குடைவரைக் கோயில் மூன்றரை மைல். சனிக்கிழமை ஓட்டிப் போனேன், பாறைக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி, கட்டாயம் பாருங்கள்.

ஊரில் எனக்கு மரியாதையும் கூடிவிட்டது. டீக்கடை அண்ணன் ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, காலையிலேருந்து நாலு சுத்து போயிட்டீங்க. நேர்த்திக்கடனா?”

“ஆமாண்ணே,” என்றேன்.

நேற்று திங்கட்கிழமை. ஆபீஸ் வாசலில் ஃபோர்மன் தம் சைக்கிளில் ஏறிக்கொண்டு, “பின்னாலயே வாங்க, மீட்டர் கணக்கு எடுக்கணும்,” என்றார். முதல் முக்கில் அவர் இடப்பக்கம் திரும்பினார். நான் வலப்பக்கம் திரும்பினேன். பதினோரு நிமிடம் கழித்து, வேறு திசையிலிருந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

“எங்கிட்டு போயிட்டு வாரீங்க?”

திருச்சி பஸ் கண்ணுக்குள் வந்து ஹாரன் அடித்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுச் சிரித்தார்.

“சரி, வலது கைப்பக்கத்து வீட்டு மீட்டரெல்லாம் நீங்க பாருங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன். இந்தச் சனிக்கிழமை வரைக்கும்தான். அதுக்குள்ள எடப்பக்கம் திரும்பலைன்னா, நேரா திருச்சிக்கு மிதிச்சுருங்க. அது நேர் ரோடுதான்.”

ஆகவே தம்பிகளே, ஒரு சின்னத் திருத்தம். பிறவிச் சைக்கிள்காரனுக்கு இடப்பக்கம் ஒடித்தால் வண்டி விழுந்துவிடும். அதனால் இடப்பக்கம் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் மூன்று முறை வலப்பக்கம் ஒடித்துத்தான் போய்ச் சேர்ந்தேன். ஊருக்குள் நான் சொன்ன தூரம் எதையும் நம்பாதீர்கள். காய்கறிக் கடைத்தெரு லாட்ஜுக்கு இடப்பக்கம்தான். நடந்தால் நாலு நிமிடம்.