ஏழாம் படியை எழுதியவன்

டிப்ளமோ இரண்டாம் வருடத்தோடு என் படிப்பு நின்றது. 2005-இல் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டமில்லாத மத்தியானங்களில், சம்பளம் வாங்காமல் தமிழில் எழுதும் மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்த குழுவின் மடல்களைப் படிப்பேன். எனக்கு நிரல் எழுத வராது. அதைச் சொன்னபோது, புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதித் தரச் சொன்னார்கள்.

மூல நிரலை இறக்குவதிலிருந்து பென் டிரைவில் ஏற்றிச் சோதிப்பது வரை பதினொரு படிகள் எழுதினேன். ஏழாவது படி, பென் டிரைவை ஃபார்மேட் செய்வது. அன்றைக்கு லினக்ஸில் ஹார்ட் டிஸ்க்குக்கு எச்.டி.ஏ. என்று பெயர், பென் டிரைவுக்கு எஸ்.டி.ஏ. அதனால் கட்டளையில் எஸ்.டி.ஏ. என்றே போட்டேன். ‘பயப்படாமல் எண்டர் தட்டுங்கள், உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது’ என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். ஆங்கிலக் கையேட்டில் அது கிடையாது.

பிறகு திருப்பூர், ஓசூர், கொஞ்ச நாள் நெய்வேலி. எங்கேயும் ஒரு வருடம் தங்கவில்லை. குழுவை மறந்துவிட்டேன். 2009-இல் சிதம்பரம் மேலவீதியில் ஆய்வேடு டைப் செய்யும் கடையொன்றில் சேர்ந்தேன். கடையை நடத்தியவரை அக்கா என்போம். இன்னொரு ஆபரேட்டருக்கு என் வயதுதான். இப்படி ஏதாவது மென்பொருள் குழுவில் பெயர் வாங்கினால் சென்னையில் கம்பெனி வேலை கிடைக்கும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சும்மா இருக்கும்போது ஏதோ பிரிண்ட் எடுத்துவந்து படிப்பான். என்னவென்று நான் கேட்டதில்லை.

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு டீச்சர் சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வருவார். ஆறு வருட ஆய்வு. இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. அந்த மாதக் கடைசிக்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இயல் திருத்தி முடிந்ததும் கையெழுத்துத் தாளையும் பழைய பிரிண்டையும் கிழித்துப் போட்டுவிட வேண்டும். ஒருமுறை பழைய பக்கங்கள் கலந்து பைண்டிங்குக்குப் போய்விட்டதிலிருந்து அக்கா போட்ட சட்டம் அது. டீச்சரின் முதல் மூன்று இயல்களை மட்டும் சி.டி.யில் எழுதி வைத்திருந்தோம். மிச்ச மூன்றும் கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

கடைசி வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை அவன் கூப்பிட்டான்.

“மச்சான், இங்க வாயேன். விண்டோஸ் ஏற மாட்டேங்குது.”

“இன்னா பண்ண?”

“ஒண்ணும் பண்ல. லினக்ஸ் சி.டி. போட்டு பென் டிரைவ ஃபார்மேட் அடிச்சேன்.”

“பென் டிரைவத்தானா?”

“பேப்பர்ல போட்டபடிதான் அடிச்சேன். பயப்படாம தட்டுன்னு போட்டிருக்கான், நீயே பாரு.”

வாங்கிப் பார்த்தேன். என் வரிதான். இடைப்பட்ட வருடங்களில் லினக்ஸ் மாறி, ஹார்ட் டிஸ்க்குக்கே எஸ்.டி.ஏ. என்று பெயர் வந்திருந்தது. ஆங்கிலக் கையேட்டைத் திருத்திவிட்டார்கள். தமிழ்ப் பக்கத்தைத் தொட ஆளில்லை. ஆய்வேடு இருந்த பகுதியைத்தான் அவன் அழித்திருந்தான்.

டிஸ்க்கைக் கழற்றிப் புதுச்சேரிக்கு எடுத்துப் போனேன். அழிந்ததை மீட்டுத் தருகிறவர் இரண்டு நாள் வைத்திருந்து, எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகக் குப்பையைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

அக்கா அவனிடம் கத்தவில்லை. “நாளைலேர்ந்து வராதப்பா. ஒன்னப் பாத்தா கோவம் ஜாஸ்தி ஆவுது” என்றார். பஸ் ஸ்டாண்டு வரை அவனோடு நடந்தேன்.

“இத எழுதின நாயி மட்டும் என் கையில கெடைச்சான்னா மச்சான்...” என்றான். பஸ் வந்தது, ஏறிப் போனான்.

ஏழாவது படி தப்பு என்று குழுவுக்கு வேறொரு பெயரில் மடல் போட்டேன். மறுநாளே பதில் வந்தது. ‘அந்தப் பக்கத்தை எழுதியவர் இப்போது தொடர்பில் இல்லை. எங்களில் யாருக்கும் நேரமில்லை. திருத்தித் தந்தால் ஏற்றுகிறோம்.’ ஏழாவது படியைத் திருத்தி அனுப்பினேன்.

டீச்சர் லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பழைய நோட்டுகளைப் புரட்டி, நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான்காம் இயலிலிருந்து அடித்தேன். சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருப்பார்.

“அந்தத் தம்பிக்கு வேலை போச்சாமே?”

“அவன் மேல தப்பில்ல டீச்சர்.”

“பின்ன யாரு மேல?”

“கம்ப்யூட்டர்னா அப்படித்தான் டீச்சர்.”

மாதத்தின் கடைசி நாள். ஐந்தாம் இயலில் பாதிகூட ஆகவில்லை. ஆறாவதைத் தொடவே இல்லை. ஐந்து மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தை மூடிவிடுவார்கள். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை ஆகியிருந்தது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அடிப்பா. இந்தப் பத்தியவாவது முடிச்சிடலாம்” என்று சொல்லி அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். அடித்தேன்.