கண்ணாடியில் பட்ட விரல்

பிரெஞ்சு அருங்காட்சியகம் ஒன்றில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரம் என்றார்கள். நிலமும் உட்காரும் வாங்குகளும் துடைப்பது எங்கள் பொறுப்பு. படங்களைத் தொடக் கூடாது, அவற்றின் கண்ணாடியைக்கூட. முதல் நாளே சொன்ன விதி அது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு அறை நிறையப் பழைய ஒல்லாந்துக் கோட்டோவியங்களை மாட்டினார்கள். ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர் என்றால் எனக்குத் தெரிந்தது ஊரில் அவர்கள் ஆண்ட மன்னார்க் கோட்டை மட்டும். வெளிச்சம் பட்டால் தாள் கெட்டுவிடுமாம். அறை மங்கலாக, பூசைக்கு முந்திய கோயில்போல இருந்தது.

ஒரு படம் என் கையகலம்தான். மண்ணிற மையில் வண்டிப்பாதை. ஓரத்தில் இடி விழுந்ததுபோலப் பிளந்த மரம். அதன் கீழே மூட்டையோடு ஒரு ஆள், சோற்றுப் பருக்கை அளவு. அடுத்த நாள், பட்ட மரத்தில் நாலைந்து இலை துளிர்த்திருப்பதைக் கண்டேன். மூன்றாம் நாள்தான், பாதை வளைகிற இடத்தில், மயிரிழைக் கோடாகக் கோயில் கோபுரம் தெரிந்தது. உச்சியில் சிலுவை. எனக்குத் தெரிகிறது, அந்த ஆளுக்குத் தெரியாது. மரம் மறைக்கிறது. இன்னும் தூரம் என்று நினைத்தே நடக்கிறான்.

உடம்பு சிலிர்த்தது. புனிதர் சிலை இருக்கும் சுரூபக் கூட்டின் கண்ணாடியைத் தொட்டு, அந்த விரலை முத்தி செய்வது எங்கள் ஊர்ப் பழக்கம். கை தானாகப் போயிற்று. விரலை உதட்டில் வைத்துச் சிலுவையும் போட்டுவிட்டேன்.

"அக்கோய், அது அந்தோனியார் இல்லை," என்றாள் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பெண். "உண்டியலும் தேடுறியளோ?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பின்னால மடாம் நிக்கிறா."

மடாம்தான் அந்த அறைக்குப் பொறுப்பு. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்தபடி, ஏன் தொட்டீர்கள் என்று கேட்டார். இரண்டு மாதத்தில் பொன்ஜூர், மெர்சி தவிர எதுவும் பேசாதவள் நான். துண்டு துண்டான பிரெஞ்சில், "இந்த ஆள் கோயிலைக் காணவில்லை," என்றேன்.

துணி பாதியில் நின்றது. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இந்த ஓவியர்களுக்குப் பாதை என்றால் ஆயுள்," என்று எனக்காக மெதுவாகச் சொன்னார். "பட்ட மரம் சாவு. இலை, அதற்குப் பிறகு வருவது." பிறகு, "கோயிலை அவன் காணவில்லைதான்," என்றார்.

விரல் அடையாளத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். "இனித் தொட வேண்டாம். பாருங்கள்."

கண்ணாடி தெளிந்திருந்தது. அவன் நடந்துகொண்டிருந்தான்.